மேக்க என்றேன், லும்பினி வந்தது

சோனௌலி எல்லையைத் தாண்டியதும் வழி சொல்லும் பெண் பேச்சை நிறுத்திவிட்டாள். போத்தனூரில் லாரியைக் கிளப்பியதிலிருந்து செல்வராசின் போனுக்குள் உட்கார்ந்துகொண்டு இடது திரும்பு, வலது திரும்பு என்று ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவள். முன்சக்கரம் நேபாள மண்ணில் ஏறியது, சிம் செத்தது, அவள் குரலும் போனது.

"ஏனுங்ணா, புள்ள கோவிச்சுக்கிச்சுங்ளே" என்று செல்வராசு போனைத் தட்டினான்.

"நெட்டு இல்லாமலே வேலை செய்யற மாதிரி எறக்கி வெச்சிருக்கறேன்னு சொன்னியே?"

"கோரக்பூர் வரைக்கும்தானுங்ணா எறக்குனேன். அதுக்கு அக்கட்ட ஒரு நாடு இருக்குதுன்னு நெனப்பு வரலீங்."

உள்ளூர் சிம் வாங்கப் போட்டோவும் கையெழுத்தும் கேட்டார்கள். ஒரு நாள் வேலைக்கு எதற்கு என்று வந்துவிட்டான். என் மடியில் ஒரு காகித மேப் இருந்தது. எல்லைக் கடைத்தெருவில், மலையேற வரும் வெள்ளைக்காரர்களுக்காகத் தொங்கவிட்டிருந்ததை வாங்கியிருந்தேன். மனசுக்குள் சந்தோஷமாக இருந்தது. இனி மேப்தான் பேச வேண்டும். மேப் பேசினால் நான் பேச வேண்டியதில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஐம்பது வயது. பத்தாவது வரை படித்தேன். ஸ்டியரிங் பிடித்த கையை யாரும் குறை சொன்னதில்லை. ஆனாலும் இத்தனை வருடமும் இரண்டாம் டிரைவர்தான். காரணம், எனக்கு வழி கேட்க வராது. முன்பின் தெரியாத ஆளிடம் பேச வேண்டும் என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வழி கேட்பது முதல் டிரைவரின் வேலை. அதனால் என்னைவிட வயதில் சின்னவர்கள் எல்லாம் எனக்கு முதல் டிரைவராக வந்து போனார்கள். செல்வராசு அதில் கடைசி. நல்ல பையன். வாய்தான் நீளம்.

எங்கள் பக்கம் வழி கேட்பது லேசான காரியமும் அல்ல. காங்கேயத்துப் பக்கம் ஒரு தடவை, "ஏனுங்க, இந்த அரிசி மில்லு எங்கீங்க?" என்று கேட்டுவிட்டேன். "வாங்க வாங்க. எந்தூருங்க? போத்தனூருங்களா? போத்தனூர்ல யாரு ஊடுங்க? என்ன லோடுங்க? மில்லுக்காரரு உங்களுக்கு ஒறம்பரைங்களா, சொந்தமுங்களா?" என்று ஆரம்பித்து, சேர் போட்டு, காப்பி கொடுத்து, மகனுக்குப் பெண் பார்க்கும் விஷயம் வரைக்கும் போய்விட்டார் அந்தப் பெரியவர். மில் அவர் வீட்டுக்கு நேர் எதிரே இருந்தது. மரியாதையான ஊர்தான். கூச்சக்காரனுக்கு அந்த மரியாதையே பெரிய பாரம்.

போனில் வழி சொல்லும் பெண் வந்தபோது எனக்காகவே வந்தவள் என்று நினைத்தேன். ஆனால் அவளுக்கு லாரியின் உயரம் தெரியாது. ஒரு நாள் என்னைக் கொண்டுபோய் ஒரு ரயில்வே பாலத்துக்கு அடியில் செருகிவிட்டாள். பின்னால் எடுக்கவும் முடியவில்லை. கடை கண்ணியை விட்டு ஊரே வந்து நின்று, "ஒடி... ஒடி... இன்னும் ஒடி..." என்று எனக்கு ரிவர்ஸ் சொல்லிக் கொடுத்தது. அத்தனை பேர் பார்க்க வியர்த்து நின்ற அன்றைக்குத்தான், யாரையும் கேட்காமல், எவளையும் நம்பாமல் வழி தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது.

உக்கடத்தில் பழைய புத்தகக் கடையில் ரோடு மேப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அட்டை இல்லை. தமிழ்நாடு முழுசாக இருந்தது. கேரளாவில் மட்டும் யாரோ டீ கொட்டியிருந்தார்கள். லோடுக்காகக் காத்திருக்கும் நேரமெல்லாம் அதைப் பிரித்து வைத்துக்கொண்டேன். தடித்த சிவப்பு, மெல்லிய சிவப்பு, மஞ்சள், புள்ளிக்கோடு, ரயில் தண்டவாளத்துக்கு ஏணி மாதிரி ஒரு கோடு. சரவணம்பட்டியில் ஒரு கம்பெனி வாசலில் நிற்கும்போதுதான், ஏணிக்கோடு ரோட்டுக்கோட்டை வெட்டும் இடத்தில் கேட்டோ பாலமோ இருக்கும் என்று எனக்குப் புரிந்தது. புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. சொல்லத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

வீட்டில் சரசுவிடம் காட்டினேன். என் மனைவி. அவள் மேப்பைத் தன் பக்கம் இழுத்து, "மேட்டுப்பாளையம் எங்கீங்க இருக்குது?" என்று பரீட்சை வைத்தாள்.

விரலை வைத்துக் காட்டினேன். "நம்ம ஊருக்கு மேக்க."

"மேட்டுப்பாளையம் எப்பங்க மேக்க போச்சு? வடக்கயல்ல இருக்குது?"

"அதான். வடக்க. வாய் தவறிப் போச்சு."

"பாலக்காட்டுக்கு லோடு ஏத்திக்கிட்டு ஊட்டியில போயி நிப்பீங்க போல" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அதை அப்படியே மறந்தும் போனேன்.

எங்கள் ஓனரம்மாவுக்கு இரண்டு லாரி. இரண்டாவது லாரியின் டிரைவர் சொந்த வண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். லாரி ஷெட்டில் நின்றது. இந்த நேரத்தில்தான் நேபாளத்துக்கு மோட்டார் பம்பு லோடு வந்தது. கிளம்பும் நாள் ஓனரம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"நாச்சிமுத்தண்ணா, ரெண்டாவது வண்டிய நீங்க மெயினா இருந்து ஓட்டோணும்னு எனக்கு ஆசைதானுங்க. ஆனா வாயத் தொறந்து வழி கேக்காத ஆள நம்பி வண்டிய எப்பிடிங்க அனுப்பறது? இந்த டிரிப்புல செல்வராசு உங்களப் பார்க்கட்டும். திரும்பி வந்து அவன் சரின்னு சொன்னா சாவி உங்களுக்கு. இல்லீன்னா நான் வண்டிய வித்துப்போடறேன். கோவிச்சுக்காதீங்க."

கோபம் வரவில்லை. அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் அந்த லாரியைவிட்டால் எனக்கு இன்னொரு லாரி வராது. அறுபது வயதிலும் யாராவது ஒரு செல்வராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

வடக்கே போகும் பயணத்தை நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. நாக்பூரில் ஆரஞ்சு மலிவு. ஜபல்பூருக்குப் பிறகு குளிர் தொடங்கியது. எங்கள் ஊர் மார்கழிக் குளிர் அதன் முன்னால் குழந்தை. லாரியிலேயே அடுப்பு வைத்து அரிசிம்பருப்பு சோறு ஆக்கிக்கொண்டோம். ஒரு தாபாவில் பக்கத்து மேஜைக்காரர் தட்டை எட்டிப் பார்த்துவிட்டு இந்தியில் ஏதோ கேட்டார். செல்வராசு மொழிபெயர்த்தான்: "யாருக்கு உடம்பு சரியில்லை, கிச்சடி சாப்பிடறீங்களேன்னு கேக்கறாருங்ணா." எங்கள் ஊர்க் கல்யாண வீட்டிலேயே போடும் சாப்பாடு என்று சொல்லச் சொன்னேன். அவர் நம்பவில்லை. அதற்கப்புறம் உத்தரப் பிரதேசம் முழுக்க ரொட்டி. கோரக்பூரில் எண்ணெய் தீர்ந்தது, பருப்பு தீர்ந்தது, பொறுமையும் பாதி தீர்ந்தது.

எல்லையில் காகித வேலை முடிய ஒரு பகலும் ஓர் இரவும் ஆயிற்று. சரக்கு போய்ச் சேர வேண்டிய ஊர் நாராயண்கட். அங்கே ஒரு பம்புக் கடைக்காரர். எல்லையிலிருந்தே செல்வராசு அவரிடம் பேசியிருந்தான். "இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள வரோணுமாமுங்ணா. அவரு அக்கா மகள் கல்யாணத்துக்குக் குடும்பத்தோட மலைக்கு மேல போறாராம். குடோனைப் பூட்டுனா ஒரு வாரம் ஆகுமாம்." ஒரு வாரம் அயல்நாட்டில் லாரியை நிறுத்திக்கொண்டு கிடந்தால் எல்லை அனுமதியும் முடிந்துவிடும். அப்புறம் ஓனரம்மாவிடம் என்ன முகத்தோடு போவது?

விடியக்காலம் கிளம்பினோம். அப்படியொரு பனிமூட்டத்தை நான் பார்த்ததே இல்லை. வாளையாறு கணவாயில் வரும் பனி ஒரு மேகம், வந்து போய்விடும். இது பூமியின் மேல் விரித்த ஈரத்துணி. முன்னால் போகும் சைக்கிள்காரரின் மஃப்ளர் மட்டும் தெரிந்தது, சைக்கிள் தெரியவில்லை. சூரியன் எந்தப் பக்கம் என்று யாராலும் சொல்ல முடியாது.

செல்வராசு ஓட்டினான். நான் கிளீனர் சீட்டில் மேப்பை விரித்திருந்தேன். எல்லையிலிருந்து கொஞ்ச தூரத்தில் பைரஹவா. அங்கிருந்து நேரே வடக்கே போனால் புட்வல். புட்வலில் கிழக்கே திரும்பினால் நாராயண்கட். மேப்பில் அழகாக இருந்தது. பைரஹவாவில் பெரிய நாற்சந்தி வந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"ஏனுங்ணா, எக்கட்டைங்? சீக்கிரம் சொல்லுங்ணா!"

மேப்பில் புட்வல் எங்களுக்கு மேலே இருந்தது. கண் பார்த்தது மேலே. வாய் சொன்னது, "மேக்க! மேக்க போ!"

எங்கள் ஊரில் யாரும் இடது, வலது என்று வழி சொல்வதில்லை. அடுப்படியில்கூட "அந்தக் கெழக்கால சொம்பை எடு" என்றுதான் சொல்வார்கள். செல்வராசும் அப்படி வளர்ந்தவன்தான். தெற்கேயிருந்து வந்துகொண்டிருக்கிறோம், மேக்க என்றால் பீச்சாங்கைப் பக்கம் என்று நொடியில் கணக்குப் போட்டு, ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்துவிட்டான்.

ரோடு நன்றாக இருந்தது. லாரிகள் குறைந்தன, பஸ்கள் அதிகமாயின. பிறகு பஸ்களும் கண்ணாடி வைத்த சொகுசு பஸ்களாக மாறின. பனிக்குள்ளிருந்து காவி உடுத்த பிக்குகள் வரிசையாக வந்து, எங்கள் லாரியைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் போனார்கள். செல்வராசு லாரியை ஓரம் கட்டினான். எதிரே இருந்த பலகையில் ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்தான்.

"லும்... பி... னி." என்னைத் திரும்பிப் பார்த்தான். "ஏனுங்ணா, இது புத்தர் பொறந்த ஊருங்ளே?"

நான் மேப்பைப் பார்த்தேன். லும்பினி பைரஹவாவுக்கு மேற்கே இருந்தது. புட்வல் வடக்கே, தன் இடத்தில் அப்படியே இருந்தது.

"அவரு ஆசையே வேண்டாம்னு சொன்னவருங்ணா. அவருக்கு எதுக்குங்ணா அஞ்சு ஹெச்பி மோட்டாரு?"

காது சுட்டது. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி எங்கள் லாரியின் நெற்றியில் கட்டியிருந்த எலுமிச்சை மிளகாயைப் போட்டோ எடுத்தாள். நான் மேப்பால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் ஓர் அம்மாவின் டீக்கடை. சாப்பாடும் உண்டு. போய் உட்கார்ந்தோம். சூடான சோறு, தண்ணியாய்ப் பருப்பு, கீரை, முள்ளங்கி ஊறுகாய். எத்தனையோ நாள் ரொட்டிக்குப் பிறகு சோறு. எங்கள் ஊரில் ஒரே பாத்திரத்தில் குடித்தனம் நடத்தும் அரிசியும் பருப்பும் இங்கே தனிக்குடித்தனம் போயிருந்தன. மற்றபடி அதே ருசிதான். தட்டு காலியாகக் காலியாக அந்த அம்மாள் கேட்காமலே போட்டுக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் என்று நான் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லாத நாடு என்று நினைத்துக்கொண்டேன்.

செல்வராசு பாதி இந்தியில், பாதி கையில், வந்த வழியே பைரஹவாவுக்குத் திரும்பப் போகிறோம் என்றான். அந்த அம்மாள் தலையை ஆட்டினார். நாங்கள் தாண்டி வந்த கொஞ்ச நேரத்தில் பைரஹவா நாற்சந்தியில் ஒரு விபத்தாம். ஊர்க்காரர்கள் டயரைக் கொளுத்தி ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்களாம். இங்கே அப்படி உட்கார்ந்தால் இரவாகும், நாளையும் ஆகும் என்றார்.

செல்வராசு என் பக்கம் திரும்பினான். இப்போது அவன் முகத்தில் கேலி இல்லை. "இத அம்மாகிட்டச் சொல்லாம இருக்க முடியாதுங்ணா. நான் சொல்லலீன்னாலும் பம்புக் கடைக்காரரு சொல்லிப்போடுவாரு. மன்னிச்சுக்குங்க."

"புரியுது" என்றேன். தட்டைத் தள்ளி வைத்தேன்.

அவன் அந்த அம்மாளிடம் பெரிய ரோட்டுக்கு வேறு வழி இருக்கிறதா என்று கேட்டான். அவர் கரண்டியை நீட்டி, "மாத்தி, மாத்தி" என்றார்.

செல்வராசு வாய்விட்டுச் சிரித்தான். "நீங்க மாத்திச் சொன்னது அந்த அக்காளுக்கே தெரிஞ்சுபோச்சுங்ணா!"

"மாத்தி" என்று அவர் மறுபடியும் சொல்லிக் கரண்டியை ஆட்டினார். டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் இந்தியில் விளக்கினார். செல்வராசு கேட்டுவிட்டுச் சொன்னான்: "மாத்தின்னா அவங்க பாசையில மேலேன்னு அர்த்தமாமுங்ணா. பெரிய ரோடு மேல இருக்குதுங்கறாங்க."

நான் கரண்டி காட்டிய திசையைப் பார்த்தேன். சோறு தின்கிற நேரத்தில் பனி விலகியிருந்தது. கடுகு வயல்கள் மஞ்சளாகக் கிடந்தன. அவற்றுக்கு அப்பால் வானத்தின் அடியில், நீளமாக, நீலமாக, மலை. அதற்கும் மேலே, மேகம் என்று நான் நினைத்த ஒரு வெள்ளைக் கோடு அசையவே இல்லை. பனிமலை.

மலை வடக்கே இருந்தது. மேலே என்று அந்த அம்மாள் காட்டியதும் வடக்கே.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் ஊரில் மலை மேற்கே இருக்கிறது. மழை அங்கிருந்து வருகிறது, காற்று அங்கிருந்து வருகிறது, நொய்யல் அங்கே பிறந்து கிழக்கே கீழாக ஓடுகிறது. அதனால்தான் எங்களுக்கு மேல் என்றால் மேற்கு. பிறந்ததிலிருந்து என் வாய் மேற்கைத்தான் மேல் என்று சொல்லி வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வடக்கு மேலே, தெற்கு கீழே என்று பரீட்சைக்குப் படித்தது பரீட்சையோடு போயிற்று. இந்த அம்மாவுக்கு மலை வடக்கே. அவருக்கு வடக்குதான் மேல். மேப்பும் அதையே சொல்கிறது. மடியில் இருந்த மேப்பின் மேல் ஓரத்தில் பழுப்பும் வெள்ளையுமாக மலைகள் வரைந்திருந்தன. தலையைத் தூக்கினேன். அதே மலைகள், அதே இடத்தில். காகிதமும் நாடும் ஒன்றின்மேல் ஒன்று வந்து உட்கார்ந்தன.

அப்போதுதான் அந்த மெல்லிய கோடு கண்ணில் பட்டது. லும்பினியிலிருந்து மேற்கே தௌலிஹவா என்ற ஊர். அங்கிருந்து ஒரு கோடு நேரே மலையைப் பார்த்து ஏறி, கிழக்கு மேற்காகப் போகும் பெரிய ரோட்டில் சேர்ந்தது. அந்த ரோட்டில் கிழக்கே போனால் புட்வல். சுற்றுத்தான். ஆனால் டயர் எரியும் இடம் இதில் இல்லை.

"செல்வராசு, இந்த வழியில போலாம்."

"யாரையாவது ரெண்டு பேரக் கேட்டுப்போட்டு..."

"வேண்டாம். கேட்டா ரெண்டு பேரும் ரெண்டு வழி சொல்லுவாங்க."

அவன் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தான். "தப்பாப் போச்சுன்னா?"

"தப்பாப் போச்சுன்னா அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லு. நானே சாவி வேண்டாம்னு சொல்லிப்போடறேன்."

சாவியை என் கையில் வைத்தான். "அப்ப நீங்களே ஓட்டுங்ணா. நான் இனி மேப்பும் பார்க்க மாட்டேன், வாயும் தொறக்க மாட்டேன்." இரண்டாவது சத்தியம் நடக்காத காரியம் என்று இருவருக்கும் தெரியும்.

மேப்பை மடித்து, ஸ்டியரிங்குக்கு முன்னால் ரப்பர் பேண்டு போட்டு மாட்டினேன். தௌலிஹவா வரை சிரமமில்லை. ஊருக்குள் மாட்டு வண்டிகளுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் நடுவில் நகர்ந்தோம். ஊரைத் தாண்டி வடக்கே திரும்பியதும் மலை கண்ணாடிக்கு நேரே வந்து நின்றது. அதை விடக்கூடாது என்று பிடித்துக்கொண்டேன்.

கொஞ்ச தூரத்தில் ரோடு இரண்டாகப் பிரிந்தது. பலகை இல்லை. ஒன்று வாய்க்காலை ஒட்டி அகலமாகப் போனது. மற்றது வாய்க்காலைத் தாண்டி ஒடுங்கிப் போனது. ஓரத்தில் நாலைந்து ஆண்கள் நெருப்பு மூட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்கள்.

"கேட்டுர்றனுங்ணா?" செல்வராசு கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தான்.

"வேண்டாம். கண்ணாடிய ஏத்து."

லாரியை நிறுத்திவிட்டு இறங்கினேன். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் முதல் தடவையாக அது உறைக்கவில்லை. மேப்பில் நீலக்கோடு ஒன்று எங்கள் ரோட்டை வெட்டியது. அப்படியென்றால் நாங்கள் தண்ணீரைத் தாண்ட வேண்டும், அதன் கரையிலேயே போகக் கூடாது. அகல ரோடு மலையை விட்டு விலகிப் போனது. ஒடுங்கிய ரோடு மலையைப் பார்த்துப் போனது. ஏறி உட்கார்ந்து ஒடுங்கிய ரோட்டில் விட்டேன்.

ரோடு இன்னும் ஒடுங்கியது. தார் போய் ஜல்லி வந்தது. ஒரு பக்கம் கடுகு, ஒரு பக்கம் கரும்பு. கரும்புத் தோகை கதவில் உரசியது. செல்வராசு தன் முருகனை வேண்ட ஆரம்பித்தான், சத்தமாகவே. திரும்ப இடமில்லை. பின்னால் எடுக்க நேர்ந்தால் பழைய பாலத்தடிக் கதைதான், இந்தத் தடவை அயல்நாட்டு ஜனங்கள் முன்னால். என் முதுகில் சட்டை ஒட்டியது.

அப்போது எதிரே கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று மலைபோல் ஆடிக்கொண்டு வந்தது. என் உயிர் திரும்பியது.

"எதுக்குங்ணா சிரிக்கறீங்க?"

"இத்தனை கரும்ப ஏத்திக்கிட்டு இது இந்த வழியா வருதுன்னா, முன்னால எந்தப் பாலம் இருந்தாலும் அது நம்மளையும் தாங்கும். நம்மூருல சத்தி பக்கம் எத்தனை கரும்பு வண்டிக்குப் பின்னால போயிருக்கறோம்?"

வயலோரம் ஒதுங்கி டிராக்டருக்கு வழி விட்டோம். பாலம் வந்தது. தாங்கியது. கடைசி வீடுகளைத் தாண்டி ஒரு மேட்டில் ஏறியதும் முன்னால் லாரிகளின் சத்தம். அகலமான தார் ரோடு, குறுக்கே, மேப்பில் இருந்த மாதிரியே.

"வந்துருச்சுங்ணா! பெரிய ரோடு வந்துருச்சுங்ணா!" என்று செல்வராசு டேஷ்போர்டைக் குத்தினான். நான் ஹாரனை அடித்தேன். அவசியமே இல்லாமல், நீளமாக. வாழ்நாளில் அப்படி அடித்ததில்லை.

"இனி எக்கட்டைங்?"

"கெழக்க. மலையைப் பீச்சாங்கைப் பக்கம் வெச்சுக்கிட்டுப் போனாப் போதும்."

"சாமி இருக்கற மலைங்ணா. பீச்சாங்கைப் பக்கமா வெக்கறது?"

"திரும்பி வரும்போது சோத்தாங்கைப் பக்கம் வரும். சரியாப் போயிரும்."

புட்வலில் நிற்கவில்லை. அதற்கு அப்பால் ஒரு மலைப்பாதை, ரோடு அகலப்படுத்தும் புழுதியோடு. திம்பத்தில் கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்தவனுக்கு இது பெரிதில்லை. வளைவில் எதிரே வந்த நேபாள டிரைவர்கள் கை காட்டினார்கள், நானும் காட்டினேன். இறங்கியதும் சமவெளி. பிறகு ஒரு பெரிய ஆறு, நாராயணி. மேப்பில் அது தடித்த நீலம். பாலத்தில் ஏறும்போது சூரியன் எங்களுக்குப் பின்னால் சிவப்பாக இருந்தது. மேற்கு எது என்று இப்போது யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கடைக்காரர் குடோன் கதவை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். ஜீப்பில் பட்டுப்புடவைக் குடும்பம் ஏறி உட்கார்ந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டார். பைரஹவா ரோடு அடைத்துக் கிடக்கிறது, காலையில் புறப்பட்ட தன் இன்னொரு லோடு அங்கேயேதான் நிற்கிறது, நீங்கள் எப்படி வந்தீர்கள் என்று கேட்டார். செல்வராசு மொழிபெயர்த்துவிட்டு என்னைப் பார்த்தான். பதிலை நானே சொல்லட்டும் என்று விட்டுவிட்டான்.

நான் வெளிச்சத்தில் மேப்பைப் பிரித்து, விரலை வைத்துக் காட்டினேன். லும்பினி, தௌலிஹவா, மேலே, பெரிய ரோடு. அப்புறம் எனக்குத் தெரிந்த ஒரே நேபாளிச் சொல்லைச் சொன்னேன்: "மாத்தி."

அவர் முதுகில் தட்டினார். ஜீப்பில் இருந்த பாட்டியம்மாகூடச் சிரித்தார். ஆட்களைக் கூப்பிட்டுச் சரக்கை இறக்கச் சொல்லிவிட்டு, கல்யாண வீட்டுக்குக் கட்டியிருந்த இனிப்பில் ஒரு பெட்டியை என் கையில் திணித்தார். சரக்கு இறங்கி முடியும் வரை அந்தக் குடும்பம் ஜீப்பில் காத்திருந்தது.

கடைக்காரரின் போனில் செல்வராசு ஓனரம்மாவைக் கூப்பிட்டான். நான் இரண்டடி தள்ளி, டயரைத் தட்டிப் பார்ப்பதுபோல் நின்றேன்.

"எறக்கியாச்சுங்க அம்மா... ஆமாங்க... அண்ணனுங்களா?" என்று என்னைப் பார்த்தான். என் கை டயரில் அப்படியே நின்றது. "காலையில நேரா லும்பினிக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாருங்க. ஆமாங்க, புத்தர் ஊருதான்... இல்லீங்க, சும்மா சுத்திப் பார்க்க இல்லீங்க, தப்பாத்தான் போனோம். ஆனா கேளுங்க. அங்கிருந்து இங்க வரைக்கும் ஒரே ஒரு ஆளக்கூட வழி கேக்கலீங்க. ஊர்க்காரன் வண்டியெல்லாம் நின்னுக்கிட்டிருக்குது, நம்ம வண்டி வந்துருச்சுங்க." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: "சாவியக் குடுத்துருங்கம்மா. வழி கேக்காததுதானுங்க அவருகிட்ட இருக்கற நல்ல விசயமே."

நான் டயரை இன்னொரு தடவை தட்டினேன். காற்று சரியாகத்தான் இருந்தது.

திரும்பி வந்து இரண்டாவது லாரிக்குப் பூஜை போட்ட அன்று, சரசு சந்தனம் வைத்தாள். ஓனரம்மா சாவியைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்துவிட்டுக் கேபினுக்குள் எட்டிப் பார்த்தார். உக்கடத்து மேப்பிலிருந்து எங்கள் பக்கத்தை மட்டும் கிழித்து, அட்டையில் ஒட்டி, டேஷ்போர்டில் மாட்டியிருந்தேன். பாலக்காட்டுக் கணவாய் உச்சியில் இருந்தது. கரூர் அடியில். மேட்டுப்பாளையம் சோத்தாங்கைப் பக்கம், பொள்ளாச்சி பீச்சாங்கைப் பக்கம். நொய்யல் மேலிருந்து கீழே இறங்கி ஓடியது.

"ஏனுங்ணா, மேப்பு சாஞ்சு கெடக்குதுங்களே? எழுத்தெல்லாம் படுத்துக்கிட்டு இருக்குது. திருப்பி மாட்டுங்க."

"சாயலீங்கம்மா" என்றேன், அவர் முகத்தைப் பார்த்தே. "நம்மூருக்கு இதுதானுங்க நேரு."